கேஸுக்குள் நான் போட்ட முடிச்சு

என்னை எழுத்தாளர் என்று யாராவது அறிமுகம் செய்தால் இன்றைக்கும் நான் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். அடக்கம் காட்டுகிறேன் என்று சனம் நினைக்கிறது. அடக்கமும் இல்லை, மண்ணும் இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் கனடாவின் ஸ்காபரோவில் இருந்தபோது நான் ஒன்றை மிகவும் கவனமாக, வரிக்கு வரி ரசித்து எழுதினேன். அது ஒரு அக்காவின் அகதிக் கேஸ். அதற்குப் பிறகு எழுத்தாளர் என்ற சொல் எனக்கு வசவு மாதிரித்தான் கேட்கிறது.

அந்த நாட்களில் எங்கள் சனத்துக்குள் கேஸ் எழுதுகிறவர்கள் என்று சிலர் இருந்தோம். வந்து இறங்கியவர்களிடம் வக்கீல் அலுவலகத்தில், எங்கள் பேச்சில் லோயரின் கந்தோரில், ஒரு ஃபோம் கொடுப்பார்கள். நாட்டில் உனக்கு என்ன நடந்தது, ஏன் திரும்பிப் போக முடியாது என்று அதில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பிறகு விசாரணை நடக்கும். விசாரிக்கிறவரை எங்கள் ஆட்கள் ஜட்ஜ் என்பார்கள். லோயருக்கு ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து கதை கேட்க எங்கே நேரம்? அதனால் சனம் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த ஒருவரைப் பிடித்து, தமிழில் சொல்லி எழுதுவிக்கும். நான் இதற்குக் காசு வாங்கியதில்லை. பெயர்தான் வேண்டியிருந்தது. "அவர் எழுதினால் கேஸ் வெல்லும்" என்று பலசரக்குக் கடையில் யாராவது சொல்லக் கேட்டால் அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவேன்.

ஒரேயொரு நிபந்தனை வைத்திருந்தேன். என் பெயர் வெளியே வரக் கூடாது. யார் எழுதியது என்று விசாரணையில் கேட்டால் லோயரின் கந்தோரில் எழுதினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். என் குடியுரிமை விண்ணப்பம் அப்போது முடிவாகாமல் அரசாங்கத்திடம் கிடந்தது. அதற்கு ஏதாவது வந்துவிடும் என்று பயம். வருகிற எல்லோரிடமும் இதை இரண்டு தரம் சொல்லி, தலையை ஆட்டுவித்துத்தான் பேனையை எடுப்பேன்.

எழுதி எழுதி எனக்கு அலுத்துப் போயிருந்தது. இதைச் சொல்ல வாய் கூசுகிறது, என்றாலும் சொல்லத்தான் வேண்டும். ஆமி வந்தான், அடித்தான், பிடித்தான், விட்டான், நாங்கள் ஓடினோம். எல்லாரும் இதையே சொன்னார்கள். ஒருவர் தன் தம்பி செத்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்க, போன கிழமை எழுதியதும் இதுதானே என்று நான் மனதுக்குள் கொட்டாவி விட்டிருக்கிறேன். தமிழ்க் கடை வாசலில் இலவசமாக அடுக்கியிருக்கும் ஒரு பத்திரிகையில் என் நாலு சிறுகதை வந்திருந்தது. அதில் வந்த கொழுப்பு. சீ!

பகலில் நான் ஒரு பிளாஸ்ரிக் மூடி செய்யும் ஃபக்ரரியில் வேலை செய்தேன். அங்கே என் லைனில் நின்ற சீனப் பெண் ஒருவர் ஊரில் கணக்கு படிப்பித்தவர். நாங்கள் அவரை ரீச்சர் என்றே கூப்பிடுவோம். என் வயதுதான் இருக்கும். வாய் சுடச்சுடப் பேசும். அவருடைய தம்பி இங்கே பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். சீனாவில் யாரோ ஒருவர் இன்ரர்நெற்றில் ஒரு கதையைத் தொடராகப் போட்டுக்கொண்டிருந்தாராம். புத்தகமும் இல்லை, பத்திரிகையும் இல்லை. எழுதியவர் பெயர்கூட யாருக்கும் தெரியாது. தம்பி அதைப் பிரதி எடுத்துக் கொடுக்க, ரீச்சர் சாப்பாட்டு நேரத்தில் வாசிப்பார். வாசித்ததும் வாயை அடக்க முடியாமல் மேசையில் இருக்கிற எல்லோருக்கும் சொல்லுவார். அவருடைய ஆங்கிலமும் உடைசல், என்னுடையதும் உடைசல். கதைக்கு அது போதுமாக இருந்தது.

நான் இரவு வேலையிலிருந்து பகல் வேலைக்கு மாறி அந்த மேசைக்கு வந்தபோது முப்பது அத்தியாயம் ஓடிவிட்டிருந்தது. ஒரு மலை. அதில் வாள்வித்தை படிப்பிக்கும் ஒரு மடம். அங்கே ஒரு சமையல்காரன். அவனை வருகிறவன் போகிறவன் எல்லாரும் ஏளனம் செய்வார்கள். சோற்றை முகத்தில் கொட்டுவார்கள். அவன் வாயே திறக்க மாட்டான். ஒவ்வொரு அத்தியாயமும் யாராவது கதவில் கை வைக்கிற இடத்தில் முடிந்துவிடும். மணி அடிக்கும், நாங்கள் லைனுக்குத் திரும்புவோம். மிச்சத்தை அறிய நாளைக்கு வர வேண்டும். எனக்கென்றால் பத்திக்கொண்டு வரும்.

"ஏன் அவன் பேசாமல் இருக்கிறான்? ஒரு அறை விட வேண்டியதுதானே?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"இப்போது அறைந்தால் அது ஒரு அறை. எல்லாரும் கூடுகிற நாளில் அறைந்தால் மலையே கேட்கும். நீ பொறு" என்றார் ரீச்சர்.

பொறுத்தேன். அறுபத்தெட்டாம் அத்தியாயத்தில் மலைக்காரர் எல்லாரும் ஒன்றுகூடினார்கள். சமையல்காரன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நடுவே வந்து, பழைய குருவுக்கு நஞ்சு வைத்தவர் இவர்தான் என்று இப்போதைய தலைவரைக் காட்டினான். எங்கள் மேசையில் ஒருவரும் சாப்பிடவில்லை. இதுவல்லவோ வித்தை என்று நினைத்தேன். பெரிய அடியைக் கடைசிவரை ஒளித்து வைத்திருந்து, ஊர் கூடின இடத்தில் போட வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போனேன்.

வீடு என்பது நிலத்துக்குக் கீழே ஒரு பேஸ்மென்ற். நானும் மனைவியும் ஒரு அறையில். மற்ற அறைக்கு அந்த அக்கா வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும், புருஷன் இல்லை. பதினைந்து வயது மகளைக் கொழும்பில் ஒரு லொட்ஜில், தூரத்து உறவான ஒரு குடும்பத்தோடு விட்டுவிட்டு வந்திருந்தார். கேஸ் வென்றால் மகளை இங்கே கூப்பிட்டு எடுக்கலாம். அந்தக் குடும்பத்துக்கு லண்டன் சரிவந்துவிட்டது, தை மாதம் போகிறார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை லொட்ஜில் தனிய. பொலிஸ் சுற்றிவளைப்பு கிழமைக்கு ஒன்று நடந்துகொண்டிருந்த காலம். அக்கா நாட்காட்டியைப் பார்ப்பதே இல்லை.

ஒரு ஞாயிறு காலை குசினி மேசையில் பயிற்றங்காய் முறித்துக்கொண்டே அவர் தன் கதையைச் சொன்னார். நான் எழுதிக்கொண்டிருந்தேன். ஆமி ஊரைச் சுற்றி வளைத்தது, பெடியளைப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் இருத்தியது, இவருடைய பத்தொன்பது வயது மகனும் அதற்குள். எனக்கு வழக்கம்போல அலுப்பு. பிறகு அவர் சொன்னார்.

"தாய்மார் வந்து உங்கடை பிள்ளையளைக் காட்டிப்போட்டுக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு ஒரு ஒபிசர் சொன்னவன், தம்பி. நான்தான் முதல் ஓடினனான். உவன் என்ரை பிள்ளை எண்டு கையை நீட்டிக் காட்டினன். காட்டின பிள்ளையை எழுப்பி ட்ரக்கிலை ஏத்திப்போட்டாங்கள். அதைக் கண்டாப் பிறகு மற்றத் தாய்மார் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. அந்தப் பெடியள் எல்லாம் பின்னேரம் வீட்டை வந்திட்டினம்."

அவர் கை நிற்கவில்லை. பயிற்றங்காய் முறிந்துகொண்டே இருந்தது. மகனைத் தேடி முகாமுக்கு நடந்தபோது அந்த ஒபிசரையே மூன்று தரம் கண்டிருக்கிறார். மற்றத் தாய்மார் பயந்து வாயை மூடிக்கொண்டதால் அவனை ஆள் காட்டக் கூடிய ஒரே சாட்சி இவர். அதனால் இவரையும் நாலு நாள் உள்ளே வைத்தார்கள். வெளியே விடும்போது, இனி வாய் திறந்தால் உன் மகள் பெட்டையையும் தூக்குவோம் என்று சொல்லி விட்டார்கள். அதன் பிறகுதான் தாயும் மகளும் கொழும்புக்கு ஓடினார்கள்.

ஒரு தாய் என் முன்னால் இருந்து இதைச் சொல்கிறார். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அடடா, இதுதான் கட்டம்! இதுதான் அறுபத்தெட்டாம் அத்தியாயம்! தூ.

"அக்கா, உதை ஃபோமிலை போட வேண்டாம். ரவுண்டப்பிலை மகனைப் பிடிச்சாங்கள், திரும்பி வரேல்லை, எனக்குப் பயம் எண்டு மட்டும் எழுதுறன். மிச்சத்தை அங்கை ஜட்ஜுக்கு முன்னாலை உங்கடை வாயாலை சொல்லுங்கோ. ஆள் கலங்கிப் போடுவார்" என்றேன்.

"எழுதாட்டில் பிழை வராதோ, தம்பி?"

"நான் எத்தினை கேஸ் எழுதினனான்? நான் பாத்துக்கொள்ளுறன்."

"நீர் சொன்னாச் சரி" என்றார்.

எழுதினேன். இன்றைக்கும் அந்த மூன்று பக்கமும் எனக்கு மனப்பாடம். மகனுடைய சைக்கிளைப் பற்றி ஒரு பந்தி. மைதானத்து வேப்பமரத்தைப் பற்றி ஒரு வரி. ட்ரக் வரும் வரையில் கொண்டுபோய், கதவில் கை வைக்கிற இடத்தில் நிறுத்திவிட்டேன். நாலு நாள் உள்ளே வைத்ததையும் எழுதவில்லை, வெருட்டியதையும் எழுதவில்லை. அவருடைய கேஸின் முதுகெலும்பே அதுதான். அதை உருவி எடுத்து என் பையில் வைத்துக்கொண்டு, மிச்சத்துக்குப் பவுடர் பூசி அனுப்பினேன்.

விசாரணைக்கு இரண்டு கிழமைக்கு முன் லோயரின் கந்தோரிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட, ஆங்கிலம் வராத அக்காவுக்காக நான் எடுத்தேன். ஃபோமில் ஏதாவது சேர்க்கவோ திருத்தவோ இருக்கிறதா, இருந்தால் இப்போதே சொல்லுங்கள் என்றார். அக்கா எனக்குப் பின்னால் சட்டி கழுவிக்கொண்டு நின்றார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒன்றும் இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வைத்தேன். யார் என்று அக்கா கேட்டார். விசாரணைத் திகதியை உறுதிப்படுத்துகிறார்கள் என்றேன்.

அத்தோடும் விட்டேனா? பின்னேரங்களில் அவரை இருத்தி ஒத்திகை பார்த்தேன். "'காட்டினன்' எண்டு சொன்ன உடனை கொஞ்சம் நிப்பாட்டுங்கோ அக்கா. மூச்சு எடுங்கோ. பிறகு ட்ரக்கைச் சொல்லுங்கோ" என்று சொல்லிக் கொடுத்தேன். என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "நீங்கள் என்ன நாடகமே போடுறியள்?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போனார். அக்கா மட்டும் பொறுமையாக முயன்று பார்த்தார். வரவில்லை. "எனக்கு அப்பிடி நிப்பாட்டத் தெரியாது தம்பி. தொடங்கினா ஒரேயடியாச் சொல்லி முடிச்சாத்தான் உண்டு" என்றார்.

விசாரணை நடந்தது நகர மையத்தில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில். சிறிய அறை. அக்கா சம்மதித்தபடியால் என்னைப் பின்னால் இருக்க விட்டார்கள். ஜட்ஜ் வயதான மனிதர், மூக்குக்கண்ணாடி. முன்னால் என் மூன்று பக்கம். மகனுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அக்கா சொன்னார். நிறுத்தாமல், மூச்சு எடுக்காமல், ஒரேயடியாகச் சொன்னார். மொழிபெயர்க்க வந்த தமிழர் பின்னால் ஓடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. லோயர் திடுக்கிட்டுத் தன் பிரதியைப் புரட்டினார். நான் ஜட்ஜின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கலங்குவார், இப்போது கலங்குவார் என்று.

ஜட்ஜ் கலங்கவில்லை. ஒரு விரலை வைத்து என் பக்கங்களை மேலிருந்து கீழே தடவிக்கொண்டு போனார். முதலாம் பக்கம், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். பிறகு தலையை நிமிர்த்தி ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதை மேடைத் தமிழில் சொன்னார். "தங்கள் மகனைத் தாங்களே அடையாளம் காட்டியதாகவோ, தாங்கள் தடுத்து வைக்கப்பட்டதாகவோ இந்தப் படிவத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஏன் இல்லை?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். ஒரேயொரு தரம்தான். நான் எழுந்து, ஐயா, எழுதியவன் நான், எழுத வேண்டாம் என்று சொன்னவனும் நான் என்று சொல்லியிருக்கலாம். நாலு சொல்லில் முடிகிற காரியம். நான் என் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தேன்.

"மறந்து போனன்" என்றார் அக்கா.

"மறந்தீர்களா?"

"ஓம். எழுதேக்கை ஞாபகம் வரேல்லை."

என் பெயரைச் சொல்லக் கூடாது என்று நான் இரண்டு தரம் சொல்லித் தலையாட்டுவித்திருந்தேன் அல்லவா? அந்த மனுஷி கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். பெற்ற பிள்ளையைக் கை நீட்டிக் காட்டிக் கொடுத்ததை மறந்தேன் என்று, ஒரு அந்நிய நாட்டில், ஒரு அந்நிய மனிதனுக்கு முன்னால், எனக்காகச் சொன்னார். லோயர் ஏதோ விளக்கம் சொல்ல எழும்பினார். அதற்குள் ஜட்ஜ் ஏதோ எழுதி முடித்துவிட்டார்.

அடுத்த நாள் சாப்பாட்டு மேசையில் நான் ரீச்சர் மேல் பாய்ந்தேன். உன் சமையல்காரனால்தான் எல்லாம் நாசமாய்ப் போனது என்று தொடங்கி, நடந்ததை எல்லாம் கொட்டினேன். வெட்கமில்லாத மனிதனுக்குக் குற்றம் சொல்ல ஒரு ஆள் வேண்டும்தானே. ரீச்சர் கடைசிவரை கேட்டார். சோற்றுப் பெட்டியை மூடினார்.

"சமையல்காரன் நஞ்சு வைத்ததைக் கண்டது வாசகருக்கு எப்போது தெரியும் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டார்.

"அறுபத்தெட்டில்."

"இரண்டாம் அத்தியாயத்தில்! நீ பாதியில் வந்து மேசையில் ஏறியவன். நாங்கள் எல்லாரும் தொடக்கத்திலேயே அவனோடு கதவிடுக்கால் பார்த்துவிட்டோம். தெரியாதது மலைக்காரருக்குத்தான். எங்களுக்குத் தெரிந்தபடியால்தான் அவன் முகத்தில் சோற்றைக் கொட்டும்போதெல்லாம் எங்கள் இரத்தம் கொதித்தது. அவன் ஏன் பேசவில்லை என்பதும் தெரியும். பேசினால் குருவின் சின்ன மகளைக் கொன்றுவிடுவார்கள். அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் ஒரு கிண்ணம் கஞ்சியை ஒளித்து வைப்பானே, அதுதான் கதை. கூட்டத்தில் பேசினது அந்தக் கஞ்சியின் கடைசிக் கரண்டி. வாசகரிடமே ஒளிக்கிறவன் கதைக்காரன் இல்லை, கள்ளன். அதுவும் நீ யாரிடம் ஒளித்தாய்? எங்களுக்கு அந்தச் சமையல்காரன் வெல்ல வேண்டும், அதனால் காத்திருந்தோம். அந்த ஜட்ஜுக்கு உன் அக்கா வெல்ல வேண்டும் என்று என்ன?"

கணக்கு ரீச்சர் கணக்கைப் பிழை என்று கீறிவிட்டார். அவர் சொன்னது அத்தனையும் சரி என்பதுதான் எனக்கு இன்னும் வெறுப்பாக இருந்தது. வித்தை தெரியாமல் வித்தை காட்டியிருக்கிறேன். தெரிந்திருந்தால் மட்டும் என்ன? ஒரு மனுஷியின் உயிர்க் கதையில் நான் வித்தை காட்டியே இருக்கக் கூடாது. அதை உணர எனக்கு ஒரு சீனத்துத் தொடர்கதையும் ஒரு திட்டும் வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை தபாலில் வந்த கடிதம் சனிக்கிழமை காலைதான் எங்கள் கைக்கு வந்தது. அக்கா உறையை உடைக்காமல் என்னிடம் தந்துவிட்டு எதிரே இருந்தார். முதல் பக்கத்திலேயே மறுத்துவிட்டார்கள் என்று இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. விசாரணை நடந்த திகதி, யார் யார் இருந்தார்கள், நீங்கள் எந்த ஊர் என்று தொடங்கி மெல்ல மெல்ல மொழிபெயர்த்துக்கொண்டு போனேன். அக்கா கையை உயர்த்தினார்.

"தம்பி, கதை வேண்டாம். ஓமோ இல்லையோ?"

"இல்லை, அக்கா."

"ஏனாம்?"

அந்த வரியை வாசித்தேன். தன் மகனைத் தானே அடையாளம் காட்டியதை ஒரு தாய் மறந்திருப்பாள் என்பதை நம்ப முடியவில்லை என்று எழுதியிருந்தது. அக்கா தலையை ஆட்டினார். "அது சரிதானே. எந்தத் தாய் மறப்பாள்?" என்றார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். லோயர் மேலே ஒரு விண்ணப்பம் போடலாம் என்று பிறகு சொன்னார். எத்தனை வருடம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. தைக்கு ஆறு கிழமைதான் இருந்தது.

அன்று கொழும்பில் இரவுச் சாப்பாட்டு நேரமாகும்போது அக்கா தொலைபேசியைத் தூக்கி என் கையில் வைத்தார்.

"பிள்ளைக்கு நீர் சொல்லும். எனக்கு வாய் வராது. நீர்தானே வடிவாச் சொல்லுவீர்."

லொட்ஜ்காரர் போய்ப் பிள்ளையைக் கூட்டிவர ஐந்து நிமிடம் சென்றது. ஓடி வந்து மூச்சு வாங்கினாள்.

"அங்கிள், சரிவந்திட்டுதோ?"

"இல்லை, பிள்ளை. கேஸை மறுத்துப்போட்டாங்கள்."

"ஏன் அங்கிள்? அண்ணாவைப் பற்றி அம்மா எல்லாம் சொன்னவதானே?"

அக்கா எனக்குப் பக்கத்தில் நின்றார். ரிசீவருக்கும் அவர் காதுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

"சொன்னவ, பிள்ளை. எல்லாம் வடிவாத்தான் சொன்னவ. அந்த ஜட்ஜ்தான் சரியில்லாத ஆள்" என்றேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். ரிசீவரை என் கையிலிருந்து வாங்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு, "சாப்பிட்டிட்டியோ, மோனை?" என்று கேட்டார்.